பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை கேட்டு மனு போடுவது எப்படி? வடசென்னைப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

கணவன் மனைவி பிரிந்த பிறகு, பிள்ளையின் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் பிள்ளையை வைத்திருப்பவர் தலையிலேயே விழுந்துவிடுகிறது. பெரும்பாலும் அது அம்மா. சில வீடுகளில் அப்பா. இன்னும் சில வீடுகளில் பாட்டி. மற்றவர் தர வேண்டிய பங்கைச் சட்டப்படி வாங்க வழி இருக்கிறது. அதற்கு விவாகரத்து வழக்கு நடக்க வேண்டியதில்லை. திருமணம் பதிவாகியிருக்க வேண்டியதும் இல்லை. பெற்றோருக்குத் திருமணமே நடக்கவில்லை என்றாலும் பிள்ளையின் உரிமை குறையாது.

இதில் பலர் பணத்தை இழப்பது இரண்டு இடங்களில். ஒன்று, காவல் நிலையப் பேச்சுவார்த்தையிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுவது. மற்றொன்று, பணம் தர வேண்டியவருடைய வருமானத்துக்கு ஒரு காகிதமும் இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போவது. இந்த இரண்டையும் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில்: எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்?

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்று எல்லோரும் சொன்னது, 1.7.2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாக மாறியிருக்கிறது. உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான். வசதி இருந்தும் தன் பிள்ளையைப் பராமரிக்காமல் விடும் யாரையும் மாதாமாதம் பணம் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். இது எல்லா மதத்தவருக்கும் பொது. மண்ணடியில் இருக்கும் முஸ்லிம் குடும்பம், இராயபுரத்தில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம், கொருக்குப்பேட்டையில் இருக்கும் இந்துக் குடும்பம் என எல்லாருக்கும் இதே பிரிவுதான். முஸ்லிம் தந்தைக்கும் இந்தக் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே, நூர் சபா கத்தூன் வழக்கில் சொல்லிவிட்டது.

சென்னை நகரத்தில் இந்த மனு குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகும். அது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கலாம். நுழைவாயிலில் பையைச் சோதிப்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். ஆதாரைக் கையில் வைத்திருங்கள்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம், எண்ணூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தப் பகுதிகள் 2018-ல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தன. பழைய ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் இன்னும் திருவள்ளூர் மாவட்டம் என்றே இருக்கலாம். மனு கொடுக்கும் முன் சட்ட உதவி மையத்திலோ, நீதிமன்றத்தின் மனு பெறும் பிரிவிலோ உங்கள் முகவரியைக் காட்டி, எந்த நீதிமன்றத்தில் போட வேண்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தவறான இடத்தில் போட்டால் மனு திரும்பி வரும். அதற்குள் சில மாதம் போய்விடும்.

எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்குத்தான் போய் வழக்குப் போட வேண்டும் என்பது தவறான எண்ணம். அவர் இருக்கும் மாவட்டத்தில் போடலாம், நீங்கள் இப்போது வசிக்கும் மாவட்டத்திலும் போடலாம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த மாவட்டத்திலும் போடலாம். அவர் ஓசூரிலோ திருப்பூரிலோ வேலை பார்த்தாலும் நீங்கள் வியாசர்பாடியில் இருந்தபடியே சென்னையில் வழக்கு நடத்தலாம்.

இரண்டாவது பாதை, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். அடி, மிரட்டல், வீட்டைவிட்டு வெளியேற்றுவது, கைச்செலவுக்குக்கூடப் பணம் தராமல் வைப்பது எல்லாம் இதில் வரும். இதை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போட வேண்டும். இதன் 20-ஆவது பிரிவில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பணம் கேட்கலாம். தங்கும் இடம், பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றையும் அதே மனுவில் கேட்கலாம். சம்பளம் தரும் நிறுவனமே நேரடியாகப் பிடித்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரமும் இதே பிரிவில் வெளிப்படையாக இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் மீது வழக்கென்றால் இது பெரிய பலம். இராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகம் இருக்கிறது. அங்கே பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால் அவரே குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயார் செய்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார். இந்தப் பாதை பெண்களுக்கு மட்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். ஆனால் ஒன்றில் கிடைத்ததை மற்றதில் சொல்லியாக வேண்டும். ஒரு தொகை மற்றொன்றில் கழிக்கப்படும். மறைத்தால் உங்கள் பேச்சின் நம்பகம் போய்விடும். நம் கருத்து இது: வன்முறை இல்லை, பணம்தான் பிரச்சினை என்றால் 144 மட்டும் போதும். இரண்டு நீதிமன்றத்துக்கு அலைவது வேலைக்குப் போகிற ஒருவருக்குக் கடினம்.

காவல் நிலையம் எதுவரை?

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது தவறில்லை. மனு ஏற்புச் சான்றாகத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது பின்னால் உதவும். இன்ன தேதியிலிருந்து அவர் குடும்பத்தைக் கவனிக்கவில்லை என்பதற்கு அது ஓர் ஆதாரம். ஆனால் மாதம் இவ்வளவு தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. அங்கே வெள்ளைத் தாளில் மாதம் 3,000 தருகிறேன் என்று எழுதி வாங்கினால், இரண்டு மாதம் வரும், பிறகு நிற்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நேராக வசூலிக்க முடியாது. அதைவிட ஆபத்து, அவசரத்தில் நீங்கள் போடும் கையெழுத்து. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படி ஏற்கெனவே போட்டிருந்தாலும் மனம் உடைய வேண்டாம். பிள்ளைக்குச் சேர வேண்டியதை அம்மாவோ அப்பாவோ விட்டுக்கொடுத்துவிட முடியாது. பரஸ்பர விவாகரத்தில் அப்படி எழுதியிருந்தாலும் இதே நிலைதான்.

வழக்குக்கு முன் சமரசம் வேண்டுமென்றால் அதற்கு நல்ல இடம் சட்டப் பணிகள் ஆணைக்குழு. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை. அங்கே ஒப்புக்கொண்டது லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்ப்பாகப் பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், நிறைவேற்றலாம். எதிர்த்தரப்பு பேச வருகிற ஆள் என்றால் இது நல்ல வழி. அழைப்பு அனுப்பியும் வராவிட்டால் காத்திருக்காதீர்கள். மனுவைப் போட்டுவிடுங்கள்.

இலவச வழக்கறிஞர்

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாதம் 40,000 வாங்கும் அம்மாவுக்கும் உண்டு. பிள்ளையைத் தனியாக வளர்க்கும் அப்பாவுக்கு வருமான வரம்பு குறுக்கே வரலாம். ஆனால் மனுதாரர் பிள்ளைதான், அப்பா அதன் காப்பாளராக மட்டும் கையெழுத்திடுகிறார் என்று விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். குழந்தை என்ற தகுதியிலேயே உதவி கேட்கலாம். தொலைபேசியில் கேட்க 15100. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். சட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. வழக்கறிஞர் வைப்பதற்குத்தான் நீதிமன்ற அனுமதி தேவை, அதையும் வழக்கமாகத் தருகிறார்கள். இருந்தாலும் எதிர்த்தரப்பு வருமானத்தை மறைக்கும் என்று தெரிந்தால் வழக்கறிஞரோடு போவதே நல்லது. குறுக்கு விசாரணைதான் அதை வெளியே கொண்டுவரும்.

மனுவுக்கு முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். காரணம், பராமரிப்புத் தொகையை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 4.11.2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் சொல்லியிருக்கிறது. வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தாலும் அந்த ஒன்றரை வருடப் பணம் சேரும். ஆனால் மனு போடாமல் கழித்த மாதங்களின் பணம் திரும்பி வராது.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை முதலில் எடுங்கள். ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ பிறந்திருந்தால், சான்று தருவது மாநகராட்சி. மாநகராட்சி இணையதளத்திலிருந்தே கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதில் அப்பா பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் சான்றில் ஒரு மாதிரியும் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று மனுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பின்னால் எழும் வீண் ஆட்சேபம் அதோடு முடியும்.

திருமணப் பதிவுச் சான்று இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் திருமண அழைப்பிதழ், புகைப்படம், கோயில் ரசீது, தேவாலயம் அல்லது ஜமாஅத் பதிவு, இருவர் பெயரும் உள்ள பழைய குடும்ப அட்டை. திருமணமே நடக்கவில்லை என்றால் பிள்ளைக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்ட மருத்துவமனைப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் படிவம், செய்திகள் போதுமா என்று பாருங்கள். அவர் மறுத்தால் மரபணுச் சோதனை கேட்டு மனு போடலாம்.

அடுத்தது முகவரி. வடசென்னையில் பல தெருக்களுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. இரண்டையும் எழுதுங்கள். வாரியக் குடியிருப்பு என்றால் பிளாக் எண், மாடி, கதவு எண் மூன்றும் வேண்டும். எதிர்த்தரப்பின் வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடத்தின் முகவரி, கைபேசி எண்ணையும் கொடுங்கள். ஆள் இல்லை என்று சம்மன் திரும்பி வருவதுதான் இந்த வழக்குகளில் அடிக்கடி ஏற்படும் தாமதம்.

அவருடைய வருமானத்துக்கு என்ன ஆதாரம்?

இங்கேதான் அதிகம் உழைக்க வேண்டும். ஐ.சி.எஃப்., ரயில்வே, மின்வாரியம், துறைமுகம் போன்ற இடங்களில் நிரந்தர வேலை என்றால் எளிது. பணியாளர் எண்ணும் பிரிவும் தெரிந்தால் போதும். சம்பளப் பட்டியலைத் தாக்கல் செய்ய அலுவலகத்துக்கு உத்தரவிடுமாறு நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டால் அது வந்துவிடும். மணலி ஆலைகளில் ஒப்பந்த வேலை என்றால் வருங்கால வைப்பு நிதி எண், இ.எஸ்.ஐ. அட்டை நகல் தேடுங்கள். இ.எஸ்.ஐ. அட்டையில் பிள்ளையின் பெயரே இருக்கக்கூடும்.

கையில் காசு வாங்கும் தொழில்களுக்கு வேறு வழி. காசிமேட்டில் படகுத் தொழில் என்றால் படகு பதிவு ஆவணம், மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, தடைக்கால நிவாரணம் வரவான வங்கிப் பக்கம் ஆகியவற்றைச் சேருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகவில்லை, அதனால் வருமானமே இல்லை என்று அவர் சொல்வார். மற்ற 10 மாத வருமானத்தைக் கூட்டி 12-ஆல் வகுத்து மாதச் சராசரியாகக் கேளுங்கள். தடைக்காலத்திலும் பிள்ளை சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். கன்டெய்னர் லாரி ஓட்டுநர் என்றால் சம்பளத்தை மட்டும் சொல்லி பேட்டாவை விட்டுவிடுவார்கள். நடைக்கு எவ்வளவு பேட்டா, மாதம் எத்தனை நடை என்பதை மனுவில் தனியாக எழுதுங்கள். உணவு டெலிவரி, வாடகை வண்டி என்றால் வாராவாரம் வங்கியில் வரவு வரும். அந்த வங்கியின் பெயரும் கிளையும் தெரிந்தால் கணக்கு விவரத்தை வரவழைக்கலாம். சொந்தக் கடை என்றால் கடைப் படம், பெயர்ப் பலகை, ஜி.எஸ்.டி. எண். வீடோ மனையோ இருந்தால் பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்து இணைக்கலாம்.

கைபேசியில் இருக்கும் பணப் பரிமாற்றப் படங்கள், வாட்ஸ்அப் செய்திகள், புது வண்டியோடு அவர் போட்ட படங்கள் எல்லாம் பயன்படும். அச்செடுத்துத் தேதி எழுதி வையுங்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்று இணைக்க வேண்டும், வழக்கறிஞர் தயார் செய்வார். கைபேசியை மாற்றவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம். அவருடைய கைபேசியை எடுத்துத் திறந்து படம் பிடிப்பது, அவர் கணக்குக்குள் நுழைவது போன்றவற்றையும் செய்யாதீர்கள். அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பலாம்.

எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்றாலும் மனுவை நிறுத்த வேண்டாம். உடல் நலமுள்ள ஒருவர் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் அஞ்சு கர்க் வழக்கில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. வேலை இல்லை என்ற ஒரு வார்த்தையால் அவர் தப்பிக்க முடியாது.

எவ்வளவு கேட்பது?

சட்டத்தில் உச்சவரம்பு எதுவும் இல்லை, நிலையான சூத்திரமும் இல்லை. மனைவிக்கு நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதைப் பலர் அளவுகோலாகப் பேசுகிறார்கள். பிள்ளைக்கு அதைவிட நம்பகமானது செலவுக் கணக்கு. வாயால் மொத்தமாக 20,000 என்று சொல்வதைவிட வரிவரியாக எழுதியதற்கு மதிப்பு அதிகம்.

ஓர் உதாரணம். அம்மா, இரண்டு பிள்ளைகள், வாடகை 7,500. மூவரில் இருவர் பிள்ளைகள் என்பதால் அவர்கள் பங்கு 5,000. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 1,800-இல் அவர்கள் பங்கு 1,200. சாப்பாடு, பால் 6,000. இருவரின் பள்ளிக் கட்டணம் வருடம் 48,000, மாதத்துக்கு 4,000. வேன் 1,600. டியூஷன் 1,000. புத்தகம், சீருடை, காலணி வருடம் 9,600, மாதத்துக்கு 800. மருந்து, மருத்துவர் 800. துணிமணி வருடம் 7,200, மாதத்துக்கு 600. மொத்தம் 21,000. அம்மா 9,000, அப்பா 27,000 சம்பாதிக்கிறார்கள் என்றால் வருமானம் ஒன்றுக்கு மூன்று. அந்த விகிதத்தில் அப்பாவின் பங்கு 15,750. ரஜ்னேஷ் தீர்ப்பும் இந்தத் திசையில்தான் பேசுகிறது. கல்விச் செலவைச் சாதாரணமாகத் தந்தை ஏற்க வேண்டும், தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் விகிதப்படி பகிரலாம் என்கிறது. ஆக, உங்கள் சம்பளத்தை மறைக்க எந்தக் காரணமும் இல்லை. நீங்கள் வேலைக்குப் போவதால் பிள்ளையின் உரிமை போய்விடாது.

வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜூன் மாதம் வந்து நிற்கும் பள்ளிக் கட்டணம்தான் பெரிய அடி. மாதத் தொகை தனி, பள்ளிக் கட்டணம் ரசீதுப்படி நேராகப் பள்ளிக்கு என்று இரண்டாகவும் கேட்கலாம். ரசீதுகளை மாதவாரியாக ஒரு கோப்பில் போடுங்கள். அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டுகூட உதவும்.

அவர் பக்கத்தில் கழிக்கும்போதும் கவனம் தேவை. வருமான வரி, வைப்பு நிதி போன்ற கட்டாயப் பிடித்தங்களை நீதிமன்றம் ஏற்கும். அவராக வாங்கிய வண்டிக் கடன், சீட்டு, நண்பருக்கு வாங்கிக் கொடுத்த கடன் எல்லாவற்றையும் கழித்துக் கையில் 6,000 தான் வருகிறது என்று சம்பளச் சீட்டைக் காட்டினால் வழக்கறிஞர் அதை ஆட்சேபிக்க வேண்டும்.

மனுவில் என்ன இருக்க வேண்டும்

பிள்ளைகளையும் மனுதாரர்களாகச் சேருங்கள். மனைவி முதல் மனுதாரர், பிள்ளைகள் இரண்டாம், மூன்றாம் மனுதாரர் என்று, ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொகையோடு. மொத்தமாக ஒரு தொகை கேட்டால், நாளை மனைவியின் உரிமை ஏதோ காரணத்தால் மறுக்கப்படும்போது பிள்ளையின் பங்கு எவ்வளவு என்ற குழப்பம் வரும். மனைவி மறுமணம் செய்தாலும் பிள்ளையின் தொகை நிற்காது. தனியாகப் பிரித்திருந்தால் அது பத்திரமாக இருக்கும்.

மனுவோடு மூன்று தாள்கள் ஒரே நாளில் போக வேண்டும். பிரதான மனு, இடைக்காலப் பராமரிப்பு மனு, சொத்து மற்றும் பொறுப்புகள் குறித்த பிரமாணப் பத்திரம். இடைக்கால மனுவை விட்டுவிட்டால் இறுதித் தீர்ப்புவரை கையில் எதுவும் வராது. சம்மன் அவர் கையில் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் கூடுதலாகவே ஆகிறது. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதல்.

பிரமாணப் பத்திரம் ரஜ்னேஷ் தீர்ப்பின் பின்னிணைப்பில் உள்ள படிவம். உங்கள் வருமானம், வங்கிக் கணக்கு, நகை, கடன், பிள்ளைகள், நடந்துவரும் மற்ற வழக்குகள், எதிர்த்தரப்பின் வருமானம் பற்றி உங்களுக்குத் தெரிந்தது என்று நீளும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். அடகில் இருக்கும் நகையையும் அடகு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பொய் சொல்லிப் பிடிபட்டால் தனி நடவடிக்கை வரும். அவரும் இதே பத்திரத்தை நான்கு வாரத்துக்குள் தர வேண்டும். இரண்டு வாய்தாவுக்கு மேல் இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மூன்றாவது வாய்தா கேட்கும்போது எழுந்து இதை நினைவுபடுத்துங்கள்.

மனு எண்ணிடப்பட்டதும் எம்.சி. எண்ணும் (பராமரிப்பு வழக்கு எண்), 16 இலக்க சி.என்.ஆர். எண்ணும் கிடைக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். வழக்கறிஞரைத் தொலைபேசியில் துரத்த வேண்டியதில்லை.

வாய்தா நாட்களில்

முதலில் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். சேர்த்துவைக்கப் பார்ப்பது அந்த நீதிமன்றத்தின் சட்டக் கடமை. சேர்ந்து வாழ விருப்பமில்லை என்றால் மரியாதையாக, தெளிவாகச் சொல்லிவிட்டு, பிள்ளையின் தொகை பற்றி மட்டும் பேசலாம் என்று கேளுங்கள். அங்கேயே ஒரு தொகைக்கு உடன்பட்டால் அதை நீதிமன்ற உத்தரவாக மாற்றிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

பிள்ளையைக் காட்டினால்தான் பணம் என்று அவர் சொல்லக்கூடும். பணம் தந்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன் என்று நீங்கள் சொல்லவும் தோன்றும். இரண்டும் வேறு வேறு விஷயம். ஒன்றுக்கு மற்றொன்றை நிபந்தனை ஆக்க முடியாது. குடும்பநல நீதிமன்ற வளாகத்திலேயே குழந்தைகள் மையம் இருக்கிறது. சந்திப்பை அங்கே வைக்க உத்தரவு கேட்கலாம்.

சம்மன் பெற்றும் அவர் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். நல்லதுதான், ஆனால் தக்க காரணம் காட்டி மூன்று மாதத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. எனவே ஒருதலைப்பட்சம் என்றாலும் சாட்சியத்தை அரைகுறையாக முடிக்காமல் எல்லா ஆவணத்தையும் சாட்சிய ஆவணமாக எண்ணிட்டுக் குறியீடு செய்துவிடுங்கள்.

உத்தரவு வந்த பிறகு பணம் வராவிட்டால்

சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பியுங்கள். பணம் வங்கிக் கணக்கு வழியாக மட்டும் வரட்டும். கையில் வாங்கினால் கொடுத்தேன், வாங்கவில்லை என்ற தகராறு தீராது. ஒரு நோட்டில் மாதம், வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள்.

பாக்கி விழுந்தால் அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். நீதிமன்றம் ஜப்தி வாரண்ட் பிறப்பிக்கலாம். அதன் பின்னும் கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் அடைக்கலாம். சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி அழியாது, கட்டியாக வேண்டும். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அங்குள்ள நீதிமன்றம் மூலமும் நிறைவேற்றலாம்.

இங்கே ஒரு காலக்கெடுவைக் கவனியுங்கள். ஒரு மாதத் தொகை சேர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வாரண்டுக்கு மனு போட வேண்டும். ஜனவரி 10-ல் வர வேண்டிய தொகைக்கு அடுத்த வருட ஜனவரி 10-க்குள் போட்டாக வேண்டும். திருந்திவிடுவார் என்று ஒன்றரை வருடம் பொறுத்தவர்கள் அந்த முதல் ஆறு மாதத்துக்கு வாரண்ட் வழியை இழக்கிறார்கள். ஆனால் பணமே போய்விட்டது என்று பொருள் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம், இந்த ஒரு வருடக் கெடு வசூலிக்கும் ஒரு முறையைத்தான் கட்டுப்படுத்துகிறது, உரிமையை அழிக்கவில்லை என்று சொன்னது. பழைய பாக்கியைச் சிவில் வழியில் கேட்கலாம். மூன்று மாதம் பாக்கி விழுந்ததும் மனு போடுவதையே வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

தொகை போதவில்லை, பிள்ளை மேல் வகுப்புக்குப் போய்விட்டது, அவருக்குச் சம்பளம் உயர்ந்துவிட்டது என்றால் அதே சன்ஹிதாவின் 146-ஆவது பிரிவில் தொகையை உயர்த்தக் கேட்கலாம். அவரும் குறைக்கக் கேட்கலாம். தீர்ப்பே தவறு என்றால் குடும்பநல நீதிமன்றத்தின் பராமரிப்பு உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான்.

18 வயது ஆனதும் 144-ஆவது பிரிவின்படியான தொகை நின்றுவிடும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டும் தொடரும், திருமணமான மகள் இதில் வராது. இந்து மகளுக்கு மற்றொரு கதவு இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 20-ஆவது பிரிவின்படி, சொந்த வருமானமோ சொத்தோ இல்லாத மகள் திருமணம் ஆகும்வரை கேட்கலாம். இதை 2020-ல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதற்குத் தனி மனு வேண்டும். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

வழக்கு நடக்கும்போதே கேட்கக்கூடிய அரசு உதவி

நீதிமன்றப் பணம் வர மாதங்கள் ஆகும். அதுவரை மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் நிதி ஆதரவுக்கு விண்ணப்பியுங்கள். கணவரை இழந்த, விவாகரத்தான, குடும்பத்தால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு, நகரப் பகுதியில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000-க்குள் இருந்தால், மாதம் 4,000 கிடைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். ஒரு குழு பார்த்துத்தான் முடிவு செய்யும், எல்லாருக்கும் கிடைத்துவிடாது. பிறப்புச் சான்று, இருவர் ஆதார், குடும்ப அட்டை, பள்ளியில் படிப்பதற்கான சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். வருமானச் சான்றையும் கைவிடப்பட்ட பெண் சான்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கைவிடப்பட்ட பெண் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அந்த நேரத்தில் எம்.சி. எண் போட்ட மனுவின் நகலையும் சி.எஸ்.ஆர். ரசீதையும் காட்டினால் விசாரணை சீக்கிரம் முடியும்.